தானாக வந்து நிற்கும் அப்டேட்

கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி எழும்பி வருகிறது. ‘உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யுங்கள்’ என்கிறது. மூடினால் சற்று நேரத்தில் மறுபடியும் வருகிறது. மறுநாள் அதே மூலையில் இன்னொரு பெட்டி, ‘வைரஸ் பாதுகாப்பு இன்றோடு முடிகிறது’ என்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் போவதில்லை. ஆன்டிவைரஸ் வைத்துத் துழாவினாலும் ஒன்றும் சிக்குவதில்லை. சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனால் ஃபார்மட் போட வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் இப்படித் திரும்பத் திரும்ப வரும் போலி அறிவிப்புகளில் பெரும்பகுதி, எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு என்னவென்று தெரியாமலே நாம் கொடுத்த ஓர் அனுமதியால் வருபவை. அந்த அனுமதியை இரண்டு நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிடலாம். பிரச்சினை அதோடு முடிந்துவிடுவதில்லை. இந்த மோசடியில் சிக்குகிறவர் அலட்சியக்காரர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் சாஃப்ட்வேரை அப்டேட் செய்து வையுங்கள் என்று எல்லோரும் சொல்லும் நல்ல புத்தியைக் கேட்டு நடக்கிறவர்தான் இதில் முதலில் மாட்டுகிறார். அவரிடம் ‘கவனமாக இருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. அப்டேட் என்றதும் யோசிக்காமல் பொத்தானை அழுத்தும்படி நம்மைப் பழக்கியவை சாஃப்ட்வேர் நிறுவனங்கள். அந்தப் பழக்கத்தைத் திருத்தும் முதல் பொறுப்பும் அவற்றுக்கே உண்டு.

முதலில் அந்தப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2015 ஏப்ரலில் வெளிவந்த குரோம் பிரவுசரின் 42ஆம் பதிப்பில் ஒரு புது வசதி சேர்ந்தது. நீங்கள் ஒரு தளத்துக்கு ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், அந்தத் தளத்தை மூடிவிட்ட பிறகும் அது உங்கள் திரைக்குச் செய்தி அனுப்பலாம். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸிலும் இது வந்தது. மின்னஞ்சல் வந்ததையும் கிரிக்கெட் ஸ்கோரையும் சொல்வதற்கு நல்ல வசதிதான். ஆனால் இலவசமாகப் படம் காட்டும் தளங்களும் பாட்டு இறக்கித் தரும் தளங்களும் இதில் வேறொரு வழியைக் கண்டுபிடித்தன. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் பொத்தானை அழுத்துங்கள்’, ‘வீடியோ ஓட வேண்டுமானால் அலவ் கொடுங்கள்’ என்று எழுதி வைத்தன. அழுத்தியவர் வீடியோவுக்காக அழுத்தினார். கொடுத்ததோ தன் திரையில் எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளும் உரிமையை. 2018இல் குரோம் இந்த அறிவிப்புகளை விண்டோஸ் 10இன் சொந்த அறிவிப்புப் பகுதியிலேயே காட்டத் தொடங்கியது. அதன் பிறகு, மைக்ரோசாஃப்ட் அனுப்பும் உண்மையான செய்தியும் யாரோ ஒரு மோசடித் தளம் அனுப்பும் செய்தியும் ஒரே மூலையில், ஒரே வடிவப் பெட்டியில் வந்து நிற்கின்றன. படத்தின் இடத்தில் விண்டோஸ் சின்னத்தையோ பிரபல ஆன்டிவைரஸின் சின்னத்தையோ ஒட்டிக்கொள்ள அனுப்புகிறவருக்குத் தடை இல்லை. காட்டிக்கொடுப்பது ஒன்றுதான்: பெட்டிக்குள் சிறிய எழுத்தில் இருக்கும் பிரவுசரின் பெயரும் தளத்தின் முகவரியும். வயதானவர்களால் அந்த எழுத்தைப் படிக்கக்கூட முடியாது.

ஆன்டிவைரஸ் இதைப் பிடிக்காததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டரில் திருட்டு நிரல் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை. பிரவுசர் தனக்குக் கொடுத்த அனுமதிப்படி தன் வேலையைச் செய்கிறது. பெட்டியை அழுத்தினால்தான் ஆபத்து ஆரம்பம். சில பெட்டிகள் உண்மையான ஆன்டிவைரஸ் விற்கும் பக்கத்துக்கே கொண்டுபோகும். நீங்கள் வாங்கினால் இடையில் இருப்பவருக்குக் கமிஷன். சில பெட்டிகள் போலி உதவி எண்ணுக்கு உங்களை அழைக்கவைத்து, கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் நிரலை நிறுவச் சொல்லும். சில நேரடியாகவே நாச நிரலை இறக்கித் தரும்.

நிறுத்துவது எளிது. குரோமில் மேலே வலப்புறம் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் நீக்கிவிடலாம். அதே பக்கத்தின் மேலே, இனி எந்தத் தளமும் இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்று நிறுத்தி வைக்கவும் இடம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதுவே நல்லது. எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் மேக்கின் சஃபாரியிலும் செட்டிங்ஸுக்குள் இதே பட்டியல் உண்டு. இதைச் செய்த பிறகும் பெட்டி வந்தால், பிரவுசரில் ஒட்டிக்கொண்ட எக்ஸ்டென்ஷன்களையும், கம்ப்யூட்டரில் சமீபத்தில் நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலையும் பார்த்து அறிமுகமில்லாததை நீக்க வேண்டும். ஃபார்மட் போட வேண்டிய நிலை அபூர்வம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கண்ட கண்ட தளங்களுக்குப் போனால் இப்படித்தான் ஆகும், ஒழுங்கான தளங்களோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் வராது என்பார்கள். அறிவிப்புப் பெட்டியைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் போலி அப்டேட்டில் இன்னொரு வகை இருக்கிறது. அது ஒழுங்கான தளங்களிலேயே காத்திருக்கிறது. சாக்கோலிஷ் என்றும் ஃபேக் அப்டேட்ஸ் என்றும் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கும் இந்த மோசடி 2018 முதல் நன்கு ஆவணப்படுத்தப்பட்டது. பராமரிப்புக் குறைந்த வேர்ட்பிரஸ் தளங்களுக்குள் சில வரிக் குறிமுறையைச் செருகிவிடுவார்கள். அந்தத் தளத்துக்கு வருகிறவர் குரோம் வைத்திருந்தால் குரோம் அப்டேட் பக்கம் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் பக்கம். வருகிற எல்லோருக்கும் காட்டுவதில்லை, ஒருவருக்கே மறுபடி மறுபடி காட்டுவதுமில்லை. அதனால் தளத்தின் உரிமையாளருக்கே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடும். 2020இல் வேஸ்டட்லாக்கர் என்ற பிணைப்பண நிரல் அமெரிக்க நிறுவனங்களைக் குறிவைத்தபோது, ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான பல செய்தித்தாள் தளங்கள் இப்படிக் கெடுக்கப்பட்டிருந்ததை பாதுகாப்பு நிறுவனமான சைமன்டெக் கண்டறிந்தது. 2022 நவம்பரில் 250க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செய்தித் தளங்களில் இதே குறிமுறை இருந்ததை புரூஃப்பாயின்ட் என்ற இன்னொரு பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. அந்தத் தளங்களுக்கு வீடியோவும் விளம்பரமும் தரும் ஊடக நிறுவனம் ஒன்றின் வழியாக அது நுழைந்திருந்தது. அதற்கும் முன்பு, 2017 அக்டோபர் 24 அன்று, ரஷ்யாவிலும் உக்ரைனிலும் செய்தித் தளங்களைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் முன் ஃபிளாஷ் பிளேயர் அப்டேட் என்ற பெட்டி வந்தது. அழுத்தியவர்களின் கம்ப்யூட்டரை ‘பேட் ராபிட்’ என்ற பிணைப்பண நிரல் பூட்டியது, திறக்க 0.05 பிட்காயின் கேட்டது. ஒடெசா விமான நிலையமும் கீவ் மெட்ரோவும் பாதிக்கப்பட்டன. செய்தி படிப்பதைவிட ஒழுங்கான வேறு என்ன காரியத்தை இணையத்தில் ஒருவர் செய்ய முடியும்?

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை, மேக் வாங்கினால் நிம்மதி என்ற நம்பிக்கையும் நிற்காது. 2011 செப்டம்பரில் ஃபிளாஷ் நிறுவி வேடத்தில் வந்த ‘ஃபிளாஷ்பேக்’ நாச நிரல், பிறகு ஜாவாவில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு 2012 ஏப்ரலில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக் கம்ப்யூட்டர்களில் இருந்தது. 2018இல் அடையாளம் காணப்பட்ட ‘ஷ்லேயர்’ பெரும்பாலும் போலி ஃபிளாஷ் அப்டேட்டாகவே வந்தது. 2019இல் தன் பாதுகாப்பு மென்பொருள் உள்ள மேக்குகளில் பத்தில் ஒன்றை அது தாக்க முயன்றதாக கேஸ்பர்ஸ்கி சொன்னது. 2020 ஆகஸ்டில், ஆப்பிள் தானே சோதித்து ஒப்புதல் முத்திரை கொடுத்த நிரல்களுக்குள்ளும் ஷ்லேயர் புகுந்திருந்தது தெரியவந்தது. அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31 அன்று முழுக்குப் போட்டது; 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாதபடியும் செய்தது. இல்லாத ஒரு மென்பொருளுக்கு அப்டேட் தருவதாகச் சொல்லும் பெட்டிகள் அதன் பிறகும் வந்தன. இன்று யாராவது ஃபிளாஷ் அப்டேட் கேட்டால் அது நூற்றுக்கு நூறு பொய். இப்போது புது இரை கிடைத்திருக்கிறது: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ‘உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது’ என்ற வாக்கியம் லட்சக்கணக்கானவர்களுக்கு இன்று உண்மையாகவே பொருந்துகிறது. பொய் சொல்கிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

இப்படி ஒரு பெட்டியைக் கண்டதும் அழுத்தும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பெரிய நிறுவனங்கள் தங்கள் அப்டேட்டை எப்படி நடத்தின என்று பார்த்தால் புரியும். ஜாவா அப்டேட் வெகுகாலம் ஆஸ்க் டூல்பாரைச் சேர்த்தே வந்தது. டிக் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும், எடுக்க மறந்தவரின் பிரவுசரில் அது குடியேறிவிடும். ஃபிளாஷ் அப்டேட்டோடு மெக்காஃபி ஸ்கேனர் அதே முறையில் வந்தது. 2008 மார்ச்சில் ஆப்பிள், ஐடியூன்ஸ் வைத்திருந்த விண்டோஸ் பயனர்களுக்கு, அவர்கள் கேட்காத சஃபாரி பிரவுசரை அப்டேட் என்ற பெயரில் டிக் போட்டு நீட்டியது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் அப்போதைய தலைவர் ஜான் லில்லி, இது அப்டேட் மேல் மக்கள் வைத்த நம்பிக்கையையே கெடுக்கும் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் சொன்னது சரி. 2016இல் மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒருபடி மேலே போனது. விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லும் பெட்டி திரும்பத் திரும்ப வந்தது. அந்த ஆண்டு மே மாதம், பெட்டியின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. வேண்டாம் என்று மூடியவர்கள் கம்ப்யூட்டர் மாறிப்போயிருப்பதைக் கண்டார்கள். கலிஃபோர்னியாவில், கேட்காமலே நடந்த இந்த மாற்றத்தால் அலுவலகக் கம்ப்யூட்டர் கெட்டதென்று வழக்குப் போட்ட ஒருவருக்கு மைக்ரோசாஃப்ட் 10,000 டாலர் கொடுக்க நேர்ந்தது. எல்லை மீறிவிட்டோம் என்று அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் துறைத் தலைவரே அந்த டிசம்பரில் ஒப்புக்கொண்டார். மூடினாலும் மறுபடி வரும், அவசரப்படுத்தும், கேட்காததைச் சேர்த்துக் கொடுக்கும், வேண்டாம் என்பதை வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும்: போலி அப்டேட்டின் இந்த அடையாளங்கள் அத்தனையும் அசல் அப்டேட்டில் ஏற்கெனவே இருந்தன. மோசடிக்காரர்கள் நகல் எடுத்தார்கள். பிறகு, வித்தியாசம் தெரியவில்லையா என்று பயனரைக் கேட்பதில் என்ன நியாயம்?

அப்படியானால் அப்டேட்டே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடலாமா? பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள். போலிக்குப் பயந்து அசலையும் நிறுத்திவிடுகிறார்கள். இந்த மோசடியின் ஆகப் பெரிய சேதம் என்று நான் கருதுவது இதைத்தான். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் ஓர் ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு அப்டேட் வெளியிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, மே 12 அன்று, அதே ஓட்டை வழியாக ‘வான்னாகிரை’ என்ற பிணைப்பண நிரல் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் முடங்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இதற்கு யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. மார்ச் அப்டேட்டைப் போடாமல் விட்டதே போதுமானதாக இருந்தது. ஆகவே அப்டேட் கட்டாயம் வேண்டும். அதைத் தேடி நாம் போக வேண்டும், அது தேடி வரும்போது அழுத்தக் கூடாது. ‘கேஸ் கம்பெனியிலிருந்து வருகிறோம், அடுப்பைச் சோதிக்க வேண்டும்’ என்று வாசலில் நிற்கிறவரை உள்ளே விடாமல், ஏஜென்சிக்கு நாமே போன் போட்டுக் கேட்பது போலத்தான் இது. குரோம் பழசா என்று அறிய மூன்று புள்ளி, ஹெல்ப், அபௌட் கூகுள் குரோம் என்று போனால் அதுவே பார்த்துத் தேவையானதை இறக்கிக்கொள்ளும். விண்டோஸுக்கு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட். மேக்குக்கு சிஸ்டம் செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட். இணையப் பக்கத்துக்குள்ளிருந்தோ மூலைப் பெட்டியிலிருந்தோ வரும் அழைப்பு உண்மையாகவே இருந்தாலும், அதை அழுத்தாததால் எந்த நஷ்டமும் இல்லை, ஏனென்றால் அதே அப்டேட் செட்டிங்ஸிலும் இருக்கும்.

இந்த விதி பயனருக்கு. நிறுவனங்கள் செய்ய வேண்டியது, கேட்பதையே நிறுத்துவது. குரோம் 2008இல் வந்த நாளிலிருந்து பின்னணியில் தானே அப்டேட் ஆகிக்கொள்கிறது. ஜூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் கூகுள் நிறுவனத்தினரும் 2009இல் செய்த ஆய்வில், புதுப் பதிப்பு வந்து 21 நாளில் குரோம் பயனர்களில் 97 சதவீதம் பேர் அதற்கு மாறியிருந்தார்கள். கையால் இறக்கி நிறுவ வேண்டியிருந்த ஓபராவில் 24 சதவீதம் பேர்தான். கேட்காமல் நடக்கும் அப்டேட் பரவலாகப் போய்ச் சேர்கிறது என்பது இதில் தெளிவு. அதோடு இன்னொரு நன்மையும் உண்டு: அசல் நிறுவனம் ஒருபோதும் பெட்டி காட்டிக் கேட்பதில்லை என்று ஆகிவிட்டால், பெட்டி வந்தாலே போலி என்று ஒரு சிறுவனுக்கும் தெரியும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது பலமான வாதம். அதை ஒதுக்க முடியாது. அசல் அப்டேட்டே விஷமாகும்போது, கேட்காமல் நிறுவுவது எல்லோரையும் ஒரே நேரத்தில் கவிழ்க்காதா? கவிழ்த்திருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் பலரும் வரிக் கணக்குக்கு வைத்திருந்த எம்.இ.டாக் மென்பொருளின் அப்டேட் வழியாக ‘நாட்பெட்யா’ என்ற நாச நிரல் நுழைந்தது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் மெர்க் மருந்து நிறுவனமும் முடங்கின. உலக அளவில் சேதம் 1,000 கோடி டாலரைத் தாண்டியதாக அமெரிக்க அரசு மதிப்பிட்டது. 2019இல் ஏசஸ் கம்ப்யூட்டர்களின் அப்டேட் கருவியே கெடுக்கப்பட்டிருந்தது அம்பலமானது. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான ஓர் அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. ஆனால் இந்த மூன்றிலும் பயனரிடம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உரிய வழியில் வந்த அப்டேட்டுக்கு அவர் சம்மதம்தான் சொல்லியிருப்பார். உள்ளே விஷம் இருந்ததைக் கண்டுபிடிக்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. பெட்டி காட்டிக் கேட்பது பயனருக்குக் கட்டுப்பாடு இருப்பதான தோற்றத்தைத்தான் தருகிறது. கட்டுப்பாடு இருக்க வேண்டிய இடம் அப்டேட்டை அனுப்பும் முனை: சோதித்து அனுப்புதல், முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்த்துப் பிறகு மற்றவர்களுக்கு அனுப்புதல், பழைய நிலைக்குத் திரும்ப வழி வைத்தல். ஒத்திப்போட விரும்புகிறவருக்கு செட்டிங்ஸில் இடம் இருக்கட்டும்.

பிரவுசர் நிறுவனங்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதும் உண்மை. தளம் திறந்ததும் அனுமதி கேட்டு நிற்பதை ஃபயர்ஃபாக்ஸ் 2020 ஜனவரியில் தடுத்தது. குரோம் அடுத்த மாதமே அந்தக் கேள்வியை அடக்கிக் காட்டும் வழியைக் கொண்டுவந்தது. நீண்ட நாள் எட்டிப் பார்க்காத தளங்களின் அனுமதியைத் தானே பறிக்கப்போவதாக 2025 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. போதாது என்பேன். செய்தித் தளங்கள் வாசகரை இழக்கும், சிறு வணிகர்கள் பாதிக்கப்படுவார்கள் என்ற தயக்கம்தான் முழுத் தடைக்குக் குறுக்கே நிற்கிறது. மொசில்லா வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: 2018 டிசம்பர் 25 முதல் ஒரு மாதத்தில் ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களிடம் இந்த அனுமதி 145 கோடி முறை கேட்கப்பட்டது, சரி என்று வந்த பதில் சுமார் 2.37 கோடி. நூற்றில் இரண்டுகூட இல்லை. யாரும் விரும்பாத ஒன்றை எல்லோரிடமும் கேட்கும் உரிமை எந்தத் தளத்துக்கும் தேவையில்லை. செய்தி வேண்டும் என்கிற வாசகர் தளத்தில் இருக்கும் மணிப் படத்தைத் தானே அழுத்தி வாங்கிக்கொள்வார். மூலைப் பெட்டியில் தளத்தின் முகவரி பெரிய எழுத்தில், முதல் வரியில் வர வேண்டும். இதைச் செய்ய ஆய்வு எதுவும் தேவையில்லை.

அதுவரை நம் வீட்டுக் கம்ப்யூட்டரை நாம்தான் காக்க வேண்டும். திரை முழுவதையும் மறைத்து ‘அப்டேட் நடக்கிறது’ என்று காட்டினால் எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விலகவில்லை என்றால் டாஸ்க் மேனேஜர் வழியாகப் பிரவுசரை மூடுங்கள். 2024 முதல் பரவிவரும் புது உத்தி ஒன்று: விண்டோஸ் கீயோடு ஆர் கீயை அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டு என்று ‘கோளாறைச் சரிசெய்ய’ வழி சொல்லும். நாச நிரலை உங்கள் கையாலேயே ஓட்டவைக்கும் வழி அது. எந்த உண்மையான அப்டேட்டும் அப்படிச் செய்யச் சொல்லாது. ஏற்கெனவே எதையாவது நிறுவிவிட்டீர்கள் என்றால் இணையத்தைத் துண்டித்து, வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு, மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 முதல் நாச நிரல் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அப்பா அம்மாவின் கம்ப்யூட்டரில் அந்த நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து பார்த்து, தெரியாத பெயர்களை அவர்கள் கண்ணெதிரிலேயே நீக்கிக் காட்டுங்கள்.